ஏற்காட்டில் ஸ்ருதி ஏறும் ஆஸிலேட்டர்

கேள்வி: யூரோராக் (தனித்தனி மாட்யூல்களைச் சேர்த்து அமைக்கும் சிந்தசைசர்) ஆஸிலேட்டர் கிட் ஒன்றை, அதாவது ஒலியை உண்டாக்கும் மாட்யூலை, சேலம் அம்மாப்பேட்டை வீட்டு மாடியறையில் நானே சால்டர் வைத்து முடித்தேன். ட்யூனரில் மூன்று ஸ்தாயியும் சரியாக இருந்தது. ஏற்காட்டில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனால், கீழ் ஸட்ஜத்தைச் சரிசெய்த பிறகும் மேலே போகப் போக ஸ்ருதி கூடுகிறது. 20 கொண்டை ஊசி வளைவில் குலுங்கி சால்டர் விட்டிருக்குமா?

பதில்: சால்டர் விட்டிருந்தால் இப்படி ஒழுங்காக ஏறாது. சந்தேகம் தீர, ஒலிக்கும்போதே பிளாஸ்டிக் பேனாவால் போர்டை மெல்லத் தட்டுங்கள். ஸ்ருதி துள்ளினால் டிரை சால்டர், அதாவது சரியாக ஒட்டாத சால்டர். அந்த இடத்தை மறுபடி சூடாக்கிப் புது ஈயம் விடுங்கள். துள்ளவில்லையா? அப்படியானால் காரணம் குளிர்தான்.

யூரோராக்கில் 1 வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். அந்த 1 வோல்ட்டைச் சுமார் 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்து ஒரு ஜோடி டிரான்சிஸ்டருக்குக் கொடுப்பார்கள். அந்த 18 என்ற கணக்கு வெப்பத்தோடு மாறும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம். குளிரில் ஒரு ஸ்தாயி ஏற அதைவிடக் குறைவே போதும், அதனால் அதே 18-க்கு ஸ்ருதி கூடிவிடும். மாடியறையில் 36 டிகிரி, மலையில் 24 என்று வைத்துக்கொள்வோம். 12 டிகிரிக்கு 4 சதவீதம் ஆகிறது. இரண்டு ஸ்தாயி மேலே போனால், ஸட்ஜம் கேட்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட சுத்த ரிஷபம் கேட்கும்.

இதை ஈடுகட்டத்தான் கிட்டில் டெம்ப்கோ என்ற தனி ரெசிஸ்டர் இருக்கும். குளிரில் அதன் ஓம் குறையும், டிரான்சிஸ்டருக்குப் போகும் வோல்ட்டும் அதே அளவு குறையும். ஆனால் அது டிரான்சிஸ்டர் ஜோடியை ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். தள்ளி நின்றால் அந்தச் சூடும் குளிரும் அதற்கு உடனே தெரியாது. முதல் முறை செய்தபோது நானும் அதை மற்ற ரெசிஸ்டர்களோடு வரிசையாக நட்டுவிட்டு, ஒரு வாரம் காரணம் தெரியாமல் அலைந்தேன். உங்களுக்கும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ஒட்டவில்லை என்றால் கால்களை வளைத்துச் சாய்த்து, நடுவில் துளி தெர்மல் பேஸ்ட் வையுங்கள்.

அந்த இடத்தில் சாதாரண ரெசிஸ்டரே மாறி உட்கார்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதைக் கழற்றி மீட்டரில் மாட்டி, கால்களைத் தொடாமல் உடலை மட்டும் விரலால் பிடியுங்கள். 1கே (1000 ஓம்) டெம்ப்கோ என்றால் விரல் சூட்டில் டிகிரிக்கு 3 ஓமுக்கு மேல் ஏறும். சாதாரண ரெசிஸ்டர் அசையவே அசையாது.

அப்புறம் ட்யூனிங். மாட்யூலை ராக்கில் (மாட்யூல்களை மாட்டும் சட்டகம்) வைத்து அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகே டிரிம்பாட்டை, அதாவது ஸ்க்ரூடிரைவரால் திருப்பிச் சரிசெய்யும் சின்ன ரெசிஸ்டரைத் தொடுங்கள். கீழ் ஸட்ஜம் வையுங்கள், இரண்டு ஸ்தாயி மேலே போய், ஸ்தாயி இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்கேல் டிரிம்பாட்டைக் கொஞ்சம் திருப்புங்கள். கீழ் ஸட்ஜம் நகர்ந்திருக்கும். திரும்ப வந்து அதைச் சரிசெய்யுங்கள். நாலைந்து முறை இப்படிப் போய்வந்தால் நின்றுவிடும். டெம்ப்கோ சரியாக இருந்தாலும் சிறு வித்தியாசம் மிஞ்சும். அதனால் கச்சேரி ஏற்காட்டில் என்றால் கடைசி ட்யூனிங்கையும் அங்கேயே, வாசிக்கப்போகும் அறையிலேயே செய்துகொள்ளுங்கள்.