செட்டிநாட்டு வீட்டில் மின்சாரக் கார்: கேள்வி பதில்

கேள்வி (கானாடுகாத்தான்): அப்பச்சி காலத்து வீடு. காரோடு வந்த சார்ஜரை முகப்பில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது. பக்கத்து வீட்டில் பச்சை எரிகிறது. சார்ஜர் கோளாறா?

பதில்: சார்ஜர் நன்றாக இருக்கிறது அண்ணே. எர்த்தில்தான் குறை. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் வந்தால், பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பழைய வீடுகளில் எர்த் கம்பி அரித்து அறுந்திருக்கும், இல்லையென்றால் எர்த் புதைத்த குழி காய்ந்திருக்கும். நம் பக்கத்துச் செம்புறாங்கல் மண் சித்திரை, வைகாசியில் இறுகிப்போகும். ஐப்பசி மழையில் பச்சையாக எரிந்தது கோடையில் சிவப்பாவது அதனால்தான்.

புது எர்த்துக்கு 8 அடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை மண்ணில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்ற மேலே புனல் வையுங்கள். கோடையில் வாரம் இரண்டு குடம் ஊற்ற வேண்டும். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் வந்தால் போதும்.

சிலர் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பச்சை விளக்கை வரவழைத்துக் கொடுப்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் கார் பாடி முழுக்கக் கரண்ட் ஏறும். கதவைத் தொடுகிற பிள்ளைக்கு உயிராபத்து.

கேள்வி (தேவகோட்டை): மீட்டர் முன்தெருப் பக்கம், கார் நிற்பது பின்கட்டில். 40 மீட்டர் வரும். என்ன வயர் இழுப்பது?

பதில்: 6 சதுர மி.மீ. செம்பு வயர், வழியில் ஜாயின்ட் போடாமல், தனி லைனாக. 15 ஆம்பியரில் 4 வோல்ட் அளவுக்குத்தான் குறையும். விளக்குக்குப் போடும் 1.5 வயரில் 15 வோல்ட் போய்விடும்; மாலையில் ஊரே லோ வோல்டேஜாக இருக்கும்போது சார்ஜர் நின்றுவிடும். 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டும் வேண்டும். சாதா பிளக்குக்குப் பதில் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் மாட்டுங்கள். சாதா பிளக்கில் மணிக்கணக்காக 15 ஆம்பியர் ஓடினால் முதலில் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் தட்டும், பிறகு பிளாஸ்டிக் இளகும். பழுப்பைக் கண்டதுமே மாற்றிவிடுங்கள்.

கேள்வி (காரைக்குடி): கரண்டே நிலக்கரியில்தானே வருகிறது? சுற்றுச்சூழலுக்கு இதில் என்ன லாபம்?

பதில்: கணக்குப் போட்டே பார்ப்போம். 100 கி.மீ. ஓட, சார்ஜ் ஏறும்போது ஆகும் நஷ்டத்தையும் சேர்த்து 17 யூனிட். நாட்டின் சராசரியில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக 12 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார், சுத்திகரிப்பையும் சேர்த்தால் 18 கிலோ விடும். மிச்சம் 6 கிலோ. ஆனால் 40 யூனிட் பேட்டரியைச் செய்யவே சுமார் 3 டன் வெளியாகிறது. அந்தக் கடன் அடைய 50,000 கி.மீ. ஓட வேண்டும். மாதம் 300 கி.மீ. மட்டும் ஓடும் காருக்கு அது கிட்டத்தட்ட 14 ஆண்டு! அப்படிப்பட்டவர்கள் இருக்கிற காரையே வைத்துக்கொள்வது நல்லது.

மாடியில் சோலார் இருந்தால் கணக்கே வேறு. 3 கிலோவாட் பேனல் நாளுக்கு 12 யூனிட் தரும், 40 கி.மீ.க்கு 7 யூனிட் போதும். பகலில் சார்ஜ் போட்டால் 20,000 கி.மீ.க்குள் கடன் தீரும். நம் ஊர் வெயிலுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (பள்ளத்தூர்): மகன் சிங்கப்பூரில். கார் ஆறு மாதம் சும்மா நிற்கும். முழுசா சார்ஜ் போட்டு வைக்கட்டுமா தம்பி?

பதில்: வேண்டாம் ஆச்சி. 50 சதவீதத்தில் நிழலில் விடுங்கள். முழு சார்ஜும் வெயிலும் சேர்ந்தால்தான் பேட்டரி சீக்கிரம் தேயும். இன்னொன்று, மின்சாரக் காரிலும் 12 வோல்ட் சின்ன பேட்டரி உண்டு. அது இறங்கினால் ரிமோட்டில் கதவு திறக்காது. கார் கையேட்டில் சொன்னபடி அதன் நெகடிவ் முனையைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி (கோட்டையூர்): தினமும் 100 சதவீதம் ஏற்றலாமா?

பதில்: பேட்டரியில் இரண்டு வகை உண்டு, கார் கையேட்டில் பாருங்கள். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) என்றால் 80 போதும். எல்.எஃப்.பி. (இரும்பு பாஸ்பேட் வகை) என்றால் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றுங்கள். இல்லையென்றால் மீட்டர் காட்டும் சதவீதம் தப்பாகிவிடும்.

கேள்வி (புதுவயல்): தேய்ந்த பேட்டரி குப்பைக்குத்தானே?

பதில்: போடக் கூடாது. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கொள்ளளவு 70 சதவீதத்துக்கு இறங்கிய பேட்டரியும் வீட்டு சோலாருக்குப் பல வருஷம் உழைக்கும். பழைய இரும்புக் கடையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், உடைக்கும்போது தீப்பிடிக்கும்.