சுவருக்குள் இருக்கும் ஸ்டட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

தொலைக்காட்சி மாட்டுவதற்காக வாங்கிய ஸ்டட் கருவி (பலகைச் சுவருக்குள் நிற்கும் சட்டமான ஸ்டட் எங்கே என்று ஒலித்துக் காட்டுவது) சுவரில் எங்கே வைத்தாலும் ஒலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக ஓர் அமெரிக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு வாங்கியிருப்பீர்கள். அங்கே பெரும்பாலான வீடுகளின் உட்சுவர், 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்திய மரச்சட்டங்களின்மேல் ஜிப்சம் பலகை அறைந்தது. நம் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பெரும்பாலானவை கான்கிரீட், செங்கல் அல்லது தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த சுவர்கள். அவற்றில் ஸ்டட்டே கிடையாது. உள்ளிருக்கும் கம்பிக்கும் ஈரத்துக்கும் அந்தக் கருவி ஒலிக்கத்தான் செய்யும்.

ஆகவே முதலில் அது என்ன சுவர் என்று பாருங்கள். மறைவான ஓரிடத்தில் சிறிய துளையிட்டு, மேற்பூச்சைத் தாண்டியபின் வரும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல்; சாம்பல் நிறத்தில், டிரில் முக்கி முக்கி நகர்ந்தால் கான்கிரீட். வெண்மாவு உதிர்ந்து, ஒரு விரல் ஆழத்துக்குள் டிரில் சட்டென்று வெற்றிடத்தில் விழுந்தால்தான் ஜிப்சம் பலகை. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் குண்டுப் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரின் சுவரில் இந்தச் சோதனையே வேண்டாம். அதற்குத் தனிச் சட்டமும் விதிகளும் உண்டு.

என் அம்மாவின் உட்லண்ட்ஸ் வீடு மறுவிற்பனையில் வாங்கியது. முந்தைய உரிமையாளர் கூடத்தைப் பலகையால் தடுத்திருந்தார். அந்தத் தடுப்பில் சாமி மாடம் வைக்க அம்மா ஆசைப்பட்டபோது, மாட்ட வந்தவர் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல், “உள்ளே மரம் இருக்கிறது, எவ்வளவு கனமும் தாங்கும்” என்றார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சிறிய, வலுவான காந்தம் ஒன்றை நூலில் கட்டிச் சுவரையொட்டி மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் அது சாயத்தின்மேலேயே ஒட்டிக்கொண்டது. பலகையைப் பிடித்திருக்கும் திருகாணியின் தலை அங்கே இருந்தது. அதற்கு நேர் மேலும் கீழும் அடுத்தடுத்த திருகாணிகள் கிடைத்தன. பென்சிலால் குறித்துக்கொண்டே போனதில், அடுத்த வரிசை 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. உள்ளே இருந்தது மரமில்லை, ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத எஃகுத் தகட்டுச் சட்டம். அதில் ஒற்றைத் திருகாணியை நம்பிப் பாரத்தை ஏற்றக் கூடாது என்பதால், இரண்டு சட்டங்களையும் தொடும்படி தடித்த ஒட்டுப்பலகை ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் மாடத்தை வைத்தேன். இன்றுவரை அசையவில்லை.

காந்தமெல்லாம் பழைய முறை, நல்ல மின்னணுக் கருவியே போதும் என்று சிலர் சொல்லக்கூடும். அக்கருவிகளை நான் குறைசொல்லவில்லை. சட்டமுள்ள சுவரில் அவை பயன்படும். என் ஆதங்கம் வேறு. ஆயிரக்கணக்கில் வெள்ளி வாங்கிக்கொண்டு வீட்டைப் புதுப்பித்துத் தருகிறவர்கள், பலகையை மூடுவதற்கு முன் சட்டமும் வயரும் எங்கே போகின்றன என்று ஒரு படமாவது எடுத்துக் கொடுக்கக் கூடாதா? அம்மா வீட்டை வாங்கும்போது கேட்டோம், யாரிடமும் இல்லை.

உங்கள் சுவர் பலகையாக இருந்தால், சுவிட்சுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள். வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். தொலைக்காட்சியை முன்னால் இழுத்துத் திருப்பும் தாங்கியும் வேண்டாம். இழுக்க இழுக்கத் திருகாணியின்மேல் விழும் பாரம் கூடும். சுவரோடு ஒட்டி நிற்கும் தாங்கியையே வாங்குங்கள்.