பிளானிங் விண்ணப்பம் போட்டாச்சு, இனி என்ன?

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் இழுக்க கவுன்சிலுக்கு விண்ணப்பித்தவர்கள் கேட்டவை இவை; முன்னால் இருப்பது அவரவர் ஊர். வரைபடம் கீறுவது என் தொழில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹரோ: அண்ணா, எட்டுக் கிழமையில முடிவு வரும் எண்டாங்கள். எப்ப இருந்து எண்ணுறது?

கட்டணமும் வரைபடங்களும் குறையில்லாமல் கவுன்சிலுக்குக் கிடைத்த நாளில் இருந்து, தம்பி. காணியைச் சுற்றிச் சிவப்புக் கோடு கீற மறந்தாலே திருப்பிக் கேட்பார்கள். அதுவரை ஒரு நாளும் எண்ணுப்படாது. அவர்களின் மின்னஞ்சல் போய் விழுந்திருக்கிறதா என்று ஸ்பாம் பெட்டியையும் ஒருக்கால் பாருங்கள்.

ஈஸ்ட்ஹாம்: பக்கத்து வீட்டுக்காரர் தன்ர வீட்டு விலை குறையும் எண்டு எதிர்ப்பு எழுதியிருக்கிறார். பயமா இருக்கு.

பயப்படாதீங்க அக்கா. விலை குறைவதையும் காட்சி மறைவதையும் பிளானிங்கில் கணக்கெடுப்பதில்லை. ஆனால் தன் குசினி ஜன்னலுக்கு வெளிச்சம் வராது என்று எழுதினால் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் கவுன்சில் ஆபீசர் கட்டாயம் கவனிப்பார். கவுன்சில் இணையத்தளத்தில் கடிதத்தை வடிவாக வாசியுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் வாசலில் போய்க் கதையுங்கள். பக்கச் சுவரை அரை மீற்றர் உள்ளே தள்ளியதும் எதிர்ப்பை மீளப்பெற்ற அயலவரை நான் கண்டிருக்கிறேன்.

குரொய்டன்: ஏழாம் கிழமையில ஆபீசர் நீளத்தைக் குறைக்கச் சொல்லுறார். விடாமல் நிக்கவா?

குறையுங்கள். நேரே மறுக்காமல் திருத்தக் கேட்பது உங்களுக்கு நல்லது. எவ்வளவு குறைத்தால் சரி என்று எழுத்தில் கேளுங்கள். கூடுதல் காலம் கேட்டால் சம்மதியுங்கள். கவுன்சில் அனுமதி மறுத்தால் 12 கிழமைக்குள் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேணும்.

டூட்டிங்: அனுமதி வந்திட்டு! நாளைக்கு அத்திவாரம் வெட்டலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள். முடிவுக் கடிதத்தின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். 'வேலை தொடங்குமுன் செங்கல் மாதிரிக்கு ஒப்புதல் பெற வேண்டும்' என்று இருந்தால், அந்த ஒப்புதல் கைக்கு வரும்வரை மண்வெட்டியைத் தொடக் கூடாது. பில்டிங் ரெகுலேஷன், அதாவது கட்டடத்தின் பாதுகாப்பு, தரம் பற்றிய விதிகள், வேறு அனுமதி. அயல்வீட்டுக்கு 3 மீற்றருக்குள், அவர்களின் அத்திவாரத்தைவிட ஆழமாக வெட்டுவதென்றால், 1996ஆம் ஆண்டு பார்ட்டி வால் (பொதுச்சுவர்) சட்டப்படி அயலவருக்கு ஒரு மாதம் முன்னரே நோட்டீஸ் கொடுக்க வேணும். இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் கை வைத்தால் இரண்டு மாதம்.

லூட்டன்: இப்ப காசு இல்லை. அனுமதி எவ்வளவு காலம் கிடக்கும்?

பொதுவாக மூன்று வருடம். அதற்குள் முடிக்கத் தேவையில்லை, முறைப்படி தொடங்கினால் போதும்.