கேள்வி–பதில்: ஐ.பி.எஸ்.சி. போட்டிக்கு நம்பகமான பிஸ்டல்

இந்த இதழில், ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) போட்டிகளில் இறங்கப் போகும் வாசகர்களின் கேள்விகள். ஓடியும் குனிந்தும் மறைப்புக்குப் பின்னால் நின்றும் அட்டை இலக்குகளையும் இரும்புத் தட்டுகளையும் நேரக் கணக்கில் சுடும் விளையாட்டு இது. 1976-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் கொலம்பியாவில் அமைப்பு உருவானது.

கிளப்பில் பாதுகாப்புப் பயிற்சி முடித்துவிட்டேன். ப்ரொடக்ஷன் பிரிவில் (அதிகம் மாற்றாத ஃபாக்டரி பிஸ்டல்களுக்கான பிரிவு) சுட ஆசை. சிஸட் ஷேடோ 2, கிளாக் 17 இரண்டில் எது மக்கர் பண்ணாது?
– வாசகர், ஆஸ்லோ

ஃபாக்டரியிலிருந்து வந்தபடி வைத்துக்கொண்டால் இரண்டுமே மக்கர் பண்ணாது. வாங்கிய பிறகு ஸ்பிரிங்கை மாற்றுவது, ட்ரிகரை ராவுவது, அளவு சரியில்லாத தோட்டா போடுவது, அடிபட்ட மேகஸினைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது, இவற்றில்தான் பெரும்பாலான கோளாறு பிறக்கிறது. அதனால் எங்கள் முதல் யோசனை: உங்கள் கிளப்பில் அதிகம் பேர் சுடுகிற மாடலையே வாங்குங்கள். போட்டி நாளில் ஒரு ஸ்பிரிங் போனால் பக்கத்தில் நிற்பவரின் பையில் மாற்று இருக்கும்.

ஒரு தடங்கலின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்த புள்ளிகளை எடுத்த விநாடிகளால் வகுத்தால் ஹிட் ஃபாக்டர். 24 குண்டுகளும் இலக்கின் நடுவில் குண்டுக்கு 5 புள்ளி தரும் 'ஏ' வட்டாரத்தில் விழுந்தால் 120 புள்ளி. 20 விநாடியில் முடித்தால் 6.00. நடுவில் ஒரு தோட்டா சிக்கி 3 விநாடி போனால் 5.22. ஒரே தடங்கலில் 13 சதவீதம் காலி. ட்ரிகரை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்த 13 சதவீதத்தை மீட்க முடியாது.

இனி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஷேடோ 2 முழு இரும்பு, ஏறக்குறைய 1.3 கிலோ. கிளாக் 17 மேகஸின் இல்லாமல் அதில் பாதிதான். கனமான பிஸ்டல் குறைவாகத் துள்ளும், இரண்டாவது குண்டுக்குக் குறி சீக்கிரம் திரும்பும். ஆனால் ஷேடோவின் முதல் குண்டுக்கு ட்ரிகர் நீளமாகவும் கனமாகவும் வரும், இரண்டாவதிலிருந்து குட்டையாகவும் லேசாகவும் மாறும். கிளாக்கில் எல்லாக் குண்டுக்கும் ஒரே இழுவை. வீட்டில் தினமும் தோட்டா இல்லாமல் ட்ரிகர் பழகும் பொறுமை இருந்தால் ஷேடோ. மாதத்துக்கு ஒருமுறைதான் ரேஞ்சுக்குப் போவீர்கள் என்றால் கிளாக்.

ஷேடோ வாங்குபவர்கள் முதலில் பழக வேண்டியது ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பின்பக்கச் சுத்தியலை, இறக்குவது. ப்ரொடக்ஷனில் ஹேமர் முழுவதும் இறங்கிய நிலையில்தான் தொடங்க வேண்டும்; ஷேடோ 2-ல் அதற்கென்று தனி லீவர் கிடையாது. ரேஞ்ச் ஆபீசர் 'மேக் ரெடி' (தயாராகு) சொன்ன பிறகு, குழல் குண்டைத் தடுக்கும் மண்மேட்டைப் பார்த்திருக்க, மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஹேமரை இறுகப் பிடித்து, ட்ரிகரை இழுத்து, கடைசிவரை மெல்ல இறக்க வேண்டும். விரல் வழுக்கி வெடித்தால் அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது, தகுதி நீக்கம்தான். எண்ணெய் விரலோடும் கையுறையோடும் இதைச் செய்யாதீர்கள். வெறும் பிஸ்டலில் கை படியும்வரை பழகிய பிறகே தோட்டாவோடு செய்யுங்கள்.

உங்கள் ஊர்க் குளிரில் கெட்டியான கிரீஸ் உறைந்து ஸ்லைடை மெதுவாக்கும். குளிர்காலத்தில் ரெயிலுக்கு மெல்லிய எண்ணெய் மட்டும் போடுங்கள்.

ஷேடோ 2-ல் ட்ரிகர் லேசாக வரட்டும் என்று ஹேமர் ஸ்பிரிங் மாற்றினேன். இப்போது 100 தோட்டாவுக்கு இரண்டு மூன்று வெடிப்பதில்லை. பிரைமரில் (தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைக்கும் மூடி) குழி மட்டும் விழுகிறது. ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) போய்விட்டதா?
– வாசகர், சூரிச்

ஃபயரிங் பின்னைக் குறை சொல்வதற்கு முன் இரண்டைப் பாருங்கள்.

முதலாவது, பிரைமர். வெடிக்காத தோட்டாவின் அடியில் விரல் நுனியை ஓட்டுங்கள். பிரைமர் விளிம்பை விட ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால், ஹேமர் அடித்த வலு பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்காது. அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். பழகும்போது வெடிக்காத தோட்டா வந்தால் குழலை மண்மேட்டுக்கு நேராகவே பிடித்து 30 விநாடி பொறுத்த பிறகு வெளியே எடுங்கள்.

இரண்டாவது, ஸ்பிரிங். நீங்கள் போட்டது 11.5 பவுண்டு ஸ்பிரிங்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். அந்த அளவு ஃபெடரல் போன்ற மென்மையான பிரைமருக்கு ஒத்துவரும்; சிசிஐ போன்ற கடினமான பிரைமருக்குப் போதாது. கடையில் கிடைக்கிற எந்தத் தோட்டாவையும் போட்டுச் சுடுபவர் 13 பவுண்டுக்குக் கீழே போகவே வேண்டாம். நீளம் கூட்டிய ஃபயரிங் பின் கொஞ்சம் உதவும், ஆனால் மெலிந்த ஸ்பிரிங்குக்கு அது மருந்தல்ல. ப்ரொடக்ஷன் விதிப்படி முதல் குண்டின் இழுவை 2.27 கிலோவாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாக் குண்டுக்கும் 1.36 கிலோவாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறக்கினால் எடைக்கட்டியைத் தொங்கவிட்டுப் பார்க்கும் இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

சிஸட் 75 குடும்பத்தில் ட்ரிகர் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் ஸ்லைடு ஸ்டாப்பும் தேய்ந்து உடையக்கூடியவை. இரண்டிலும் ஒவ்வொன்று பையில் இருக்கட்டும், மாற்றவும் தெரிந்து வைத்திருங்கள்.

நண்பரின் கிளாக்கில் தடையில்லாமல் ஓடுகிற ரீலோடு தோட்டா (சுட்ட காலி உறையில், அதாவது கேஸில், மறுபடி நிரப்பியது) என் சிஸட்டில் ஸ்லைடை முழுதாக மூடவிடாமல் நிற்கிறது. பிஸ்டலில் கோளாறா?
– வாசகர், ஓடென்ஸ், டென்மார்க்

பிஸ்டலில் கோளாறில்லை. சிஸட் பேரலில் தோட்டா உட்காரும் அறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரி தொடங்கும் இடைவெளி குட்டை. தோட்டாவின் மொத்த நீளம் கொஞ்சம் கூடினாலும், குண்டின் தோள் பருமனாக இருந்தாலும், குண்டு அந்த வரியில் போய் முட்டிவிடும். ஸ்லைடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் திறந்தபடி நிற்கும்.

சோதிப்பது எளிது. பேரலைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்து, அறை மேலே பார்க்கப் பிடியுங்கள். தோட்டாவை மேலிருந்து விடுங்கள். 'டக்' என்று உட்கார வேண்டும். விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். பேரலைக் கவிழ்த்தால் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். சுழலாமல் பிடித்தால் குண்டு வரியில் முட்டுகிறது: தோட்டாவின் நீளத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் நீளம் குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்தக் குண்டுக்கு அச்சிட்ட வெடிமருந்து அட்டவணையைப் பார்த்து மறுபடி கீழ் அளவிலிருந்தே தொடங்க வேண்டும். சுழல்கிறது, ஆனால் முழுதாக இறங்கவில்லை என்றால் வாய்ப்பகுதி சரியாகக் குறுக்கப்படவில்லை, அல்லது கேஸின் அடிப்பாகம் உப்பியிருக்கிறது. போட்டிக்கு எடுத்துப்போகிற ஒவ்வொரு தோட்டாவையும் இப்படிப் போட்டுப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் போட்டிக்கு முந்தைய இரவுக்கு இதைவிட உபயோகமான வேலை கிடையாது.

தோட்டாவின் வலுவையும் பார்த்துக்கொள்ளுங்கள். குண்டின் எடையை கிரெய்னிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பவர் ஃபாக்டர். ப்ரொடக்ஷனுக்கு உரிய மைனர் என்ற குறைந்த வலு வகுப்புக்கு 125 வேண்டும். 124 கிரெய்ன் குண்டு 1008 அடி வேகத்தில் போனால் 124.99, அதாவது தோல்வி. அந்தப் போட்டியில் உங்களுக்குப் புள்ளியே இல்லை. 1050 அடி என்றால் 130.2. குளிரிலும், வேறொருவரின் வேகம் அளக்கும் கருவியிலும் வேகம் சற்றுக் குறைவாகக் காட்டலாம் என்பதால் 130-க்குக் கீழே வைக்காதீர்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எதை வாங்குவது, எத்தனை மேகஸின் வேண்டும்?
– வாசகர், மெல்பர்ன்

முதல் ஆறு மாதம் சொந்தக் கைத்துப்பாக்கி வாங்க உங்கள் நாட்டில் அனுமதி கிடையாது. அந்தக் காலத்தில் கிளப் பிஸ்டல்கள் எல்லாவற்றையும் சுட்டுப் பாருங்கள். நல்ல வாய்ப்பு அது.

அளவில் கவனம் தேவை. ஆஸ்திரேலியாவில் அரைத் தானியங்கி பிஸ்டலின் பேரல் 120 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஐ.பி.எஸ்.சி. ப்ரொடக்ஷனில் 127 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இந்த 7 மில்லிமீட்டருக்குள்தான் உங்கள் தேர்வு. சாதாரண கிளாக் 17 (114 மி.மீ.) சட்டத்துக்கு ஆகாது, கிளாக் 34 (135 மி.மீ.) ப்ரொடக்ஷனுக்கு ஆகாது. இதற்காகவே 120 மி.மீ. பேரலோடு 17ஏ என்ற மாடல் உங்கள் சந்தைக்கு வருகிறது. ஷேடோ 2-வின் பொது விவரத்தில் 4.7 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் 119.4 மி.மீ. உங்கள் டீலர் தருவது பதிவு செய்யக்கூடிய பேரல்தானா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேகஸினில் 10 தோட்டாதான் அனுமதி. நீண்ட சுற்றில் 32 குண்டு வரை சுட வேண்டிவரும். ஒன்றுகூடத் தவறாமல் சுட்டாலே நான்கு மேகஸின். ஆறு வாங்குங்கள். ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் பெயிண்ட் பேனாவால் எண் எழுதுங்கள். தடங்கல் வந்தால் எந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தடங்கலும் 4-ஆம் எண்ணில் வந்திருந்தால் பிஸ்டலைப் பிரிக்க வேண்டியதில்லை. அந்த மேகஸினைப் பயிற்சிக்கு ஒதுக்கி, மேல் உதடு வளைந்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மணலில் விழுந்த மேகஸினைச் சுற்று முடிந்ததும் பிரித்து, உள்ளே பிரஷ் விட்டுத் துடையுங்கள். மேகஸினுக்குள் எண்ணெய் வேண்டாம், மணல் ஒட்டிக்கொள்ளும்.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) பொருத்தியதிலிருந்து குறி மாறிக்கொண்டே இருக்கிறது. காலி கேஸும் சில நேரம் வெளியே வராமல் நிற்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கியது.
– வாசகர், ஹூஸ்டன்

ஒரே நேரத்தில் தொடங்கியது என்று எழுதியது நல்ல குறிப்பு. ஸ்க்ரூவைக் கழற்றி நீளத்தைப் பாருங்கள். சில ஸ்லைடுகளில் டாட் ஸ்க்ரூவின் துளைக்கு நேர் கீழே, காலி கேஸை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரைத் தள்ளும் ஊசி ஓடுகிறது. ஸ்க்ரூ நீளமாக இருந்தால் அதன் நுனி ஊசியை அழுத்தும். எக்ஸ்ட்ராக்டர் கேஸைப் பிடிக்காது. சரியான நீள ஸ்க்ரூ போடுங்கள். துளையிலும் ஸ்க்ரூவிலும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு, டாட் கம்பெனி சொல்லும் இறுக்கத்துக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரால் முடுக்கி, ஒரு இரவு விட்டுவிடுங்கள். பிறகு ஸ்க்ரூ தலையிலிருந்து டாட்டின் உடல்வரை மெல்லிய பெயிண்ட் கோடு ஒன்று இழுங்கள். கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ அசைந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

பழைய போட்டி பிஸ்டல் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், டார்ட்மண்ட்

எத்தனை குண்டு சுட்டது என்பதைவிட ட்ரிகரில் யார் கைவைத்தார்கள் என்று கேளுங்கள். நல்ல பராமரிப்பில் அதிகம் சுட்ட பிஸ்டலை ஸ்பிரிங்குகளை மாற்றிப் பயன்படுத்தலாம். சியரை (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) வீட்டில் அரம் போட்டுத் தேய்த்த பிஸ்டல் ஒருமுறை இழுத்தால் இரண்டு குண்டு சுடும் நிலைக்கு வரலாம். மேகஸின் இல்லை, அறை காலி என்று உறுதி செய்த பிறகு, ட்ரிகரில் விரல் வைக்காமல் ஸ்லைடைப் பத்து முறை வேகமாக விடுங்கள். ஹேமர் ஒருமுறைகூடத் தானாக விழக் கூடாது. ஹேமர் ஏறிய நிலையில் கட்டைவிரலால் அதை முன்னோக்கி அழுத்துங்கள். ட்ரிகர் தொடாமல் நழுவினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாங்கியபின் ரேஞ்சில் முதலில் மேகஸினில் ஒன்று, பிறகு இரண்டு தோட்டா மட்டும் போட்டுச் சுடுங்கள். முழு மேகஸின் அதற்கப்புறம்.

என் கை சிறியது. ஷேடோவின் முதல் இழுவைக்கு விரல் எட்டவில்லை.
– வாசகி, பாசல்

கையைத் திருப்பி எட்ட வைக்காதீர்கள். குறி பக்கவாட்டில் போகும், துள்ளலும் கட்டைவிரல் எலும்பில் விழும். மணிக்கட்டும் முழங்கையும் பேரலுக்கு நேர்க்கோட்டில் இருக்க, விரலின் முதல் மடிப்புக்கு முன்பகுதி ட்ரிகரில் படிய வேண்டும். முதலில் மெல்லிய அலுமினிய கிரிப் தட்டுகள் மாற்றிப் பாருங்கள், விலை குறைவு. அடுத்து எட்டும் தூரம் குறைந்த ட்ரிகர். அது உங்கள் பிரிவில் அனுமதியா என்று விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதுவும் போதவில்லையென்றால் பின்தட்டு மாற்றக்கூடிய பாலிமர் பிஸ்டல்தான் சரி.

டொரன்டோவில் இருக்கிறேன். இப்போது புதிதாக வாங்கலாமா?
– வாசகர், டொரன்டோ

முடியாது. 2022 அக்டோபர் 21 முதல் தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒலிம்பிக், பாராலிம்பிக் பிரிவுகளில் சுடுபவர்களுக்கு விலக்கு உண்டு, ஐ.பி.எஸ்.சி. அதில் வராது.

சென்னையில் இந்த விளையாட்டுக்கு 9 மி.மீ. பிஸ்டல் கிடைக்குமா?
– வாசகர், சென்னை

இந்தியாவில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட வகை. சாதாரணக் குடிமக்களுக்கு உரிமம் கிடைக்காது. பிஸ்டல் பழக வேண்டுமென்றால் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். 4.5 மி.மீ.க்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத்துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டிக்கு வாங்கும்போது மொத்த எடை 1500 கிராமுக்குள், ட்ரிகர் இழுவை 500 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.