லாகின் ஆகவில்லையா? கேள்வி பதில்

மதுரை வட்டார அலுவலகம், பள்ளி, கடைக் கணினிகளின் பாஸ்வேர்டு, லாகின் சிக்கல்கள் மட்டும் இங்கே. முகநூல், வங்கி ஆப் விவகாரமெல்லாம் அந்தந்த நிறுவனத்திடம்தான் தீரும்.

திருமங்கலம், ஜவுளிக்கடை: சார், எங்கள் சூப்பர்வைசருடைய யூசர் மட்டும் அடிக்கடி லாக் ஆகிறது. திறந்துவிட்டால் அரை மணியில் மறுபடியும். சரியாகத்தான் அடிக்கிறார்.

பதில்: சமீபத்தில் பாஸ்வேர்டு மாற்றினாரா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால், பழையதை வைத்துக்கொண்டு ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் சந்தேகம் அவர் போனில் இருக்கும் ஆபீஸ் மெயில். அடுத்தது, குடோன் கணினியில் லாக் ஆஃப் செய்யாமல் விட்டுவந்த செஷன். அப்புறம் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டு. ஊகிக்க வேண்டாம். எல்லா யூசரையும் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி பதிவேட்டில் 4740 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று பெயரோடு இருக்கும். 3 தப்புக்கே லாக் என்று வைத்திருந்தால் அதையும் தளர்த்துங்கள். விண்டோஸ் 11, 22எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டாலே 10 தப்புக்குத்தான் லாக், அதுவும் 10 நிமிடம் என்றுதான் வருகிறது. திறந்துவிட்ட பிறகு புது பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.

மேலூர், பள்ளி: நேற்று மாலைவரை சரியாக இருந்தது. இன்று காலை பாஸ்வேர்டு தவறு என்கிறது.

பதில்: நேற்று யாரோ தமிழில் வினாத்தாள் அடித்திருப்பார்கள். திரையின் கீழ் வலது மூலையைப் பாருங்கள், கீபோர்டு தமிழ் 99இல் நிற்கும். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அடியுங்கள்.

சிம்மக்கல், மொத்த வியாபாரம்: 30 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாறவேண்டும் என்று முதலாளி விதி போட்டிருக்கிறார். பையன்கள் கீபோர்டுக்கு அடியில் சீட்டு ஒட்டுகிறார்கள். எப்படித் தடுப்பது?

பதில்: சீட்டைக் கிழிக்காதீர்கள், விதியைக் கிழியுங்கள். ஜனவரியில் மீனாட்சி@01, பிப்ரவரியில் மீனாட்சி@02. மதுரையில் இதைக் கண்டுபிடிக்கத் திருடன் வேண்டுமா என்ன? பெரிய எழுத்து, எண், குறி, அடிக்கடி மாற்றம் என்ற வழக்கம் பரவ ஒரு முக்கியக் காரணம் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி. எழுதிய பில் பர் என்பவரே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார். 2017இல் நிஸ்ட் திருத்திக்கொண்டது: நாள் கணக்குப் பார்த்து மாற்றச் சொல்லாதே, கசிந்தது தெரிந்தால் மாற்றச் சொல். மைக்ரோசாஃப்டும் 2019இல் விண்டோஸுக்கான தன் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. நாலைந்து சொல் சேர்த்து நீளமாக ஒன்று வைக்கச் சொல்லுங்கள், கூடவே போனுக்கு வரும் எண் போல இரண்டாம் சரிபார்ப்பு.

கே.கே. நகர், தணிக்கையாளர்: அண்ணே, இதெல்லாம் பேசச் சுலபம். கார்டு பணம் வாங்கும் கடைக்கு 90 நாள் விதி இருக்கிறது. நீங்கள் பாட்டுக்குக் கிழியுங்கள் என்றால் மாட்டிக்கொள்வது அவர்தான்.

பதில்: தம்பி, ஒப்பந்தத்தில் இருந்தால் செய்யத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லும் பிசிஐ என்ற கார்டு பாதுகாப்பு விதியின் நான்காம் பதிப்பை முழுதாகப் படியுங்கள். பாஸ்வேர்டு ஒன்றை மட்டும் நம்பி நுழையும் இடத்துக்குத்தான் 90 நாள், அதற்கும் மாற்றுவழி தந்திருக்கிறார்கள். இரண்டாம் சரிபார்ப்பு வைத்தால் இந்தச் சண்டையே இல்லை. 30 நாள் எங்கிருந்து வந்தது?

கே.கே. நகர், தணிக்கையாளர்: ஆள் வேலையை விட்டுப் போனால்? 90 நாளில் தானாக அறுந்துவிடுமே.

பதில்: அதுவரை 89 நாள் அவர் வீட்டிலிருந்து உங்கள் பில்லைப் பார்க்கலாமா? போன அன்றே யூசரை முடக்குங்கள்.

சிம்மக்கல், மொத்த வியாபாரம்: சார், எங்களுக்கு பில்லிங் என்று ஒரே யூசர்தான். எல்லாரும் அதில்தான்.

பதில்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானும் தம்பியும் இவ்வளவு நேரம் வீணாகத்தான் மோதியிருக்கிறோம். இன்றே ஆளுக்கொரு யூசர் போடுங்கள்.

கே.கே. நகர், தணிக்கையாளர்: இதில் மட்டும் அண்ணனோடு ஒத்துப்போகிறேன்.

உசிலம்பட்டி: யூசர் லாக் ஆகிறது சார்.

பதில்: முதல் பதில். உங்கள் கேள்வியில் பாஸ்வேர்டையும் எழுதியிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். உடனே மாற்றுங்கள்.

நாகமலை, கல்லூரி ஆய்வகம்: லினக்ஸில் லாகின்.டெஃப்ஸ் ஃபைலில் நாளை மாற்றினேன், மாணவர்களுக்குப் பழைய காலாவதியே வருகிறது.

பதில்: அந்த ஃபைல் இனிமேல் உருவாக்கும் யூசருக்குத்தான். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு சேஜ் (chage) கட்டளையில் ஒவ்வொருவராக மாற்றவேண்டும். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

வாடிப்பட்டி: லாக் ஆகிறது.

பதில்: 4740.

பழங்காநத்தம்: நண்பனின் லேப்டாப் பாஸ்வேர்டை உடைக்க வழி?

பதில்: நண்பனிடம் கேளுங்கள்.

சோழவந்தான், கூட்டுறவு அலுவலகம்: ஒரே ஒரு பழைய கணினி மட்டும் டொமைனில் நுழைய மறுக்கிறது. பாஸ்வேர்டு சரி, கேபிள் சரி.

பதில்: கடிகாரத்தைப் பாருங்கள். சர்வர் நேரத்தோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளே விடாது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. டவுன்ஹால் ரோடு பக்கம் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். மாற்றிவிட்டு நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

திருப்பரங்குன்றம்: விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்கிறது. எங்களிடம் இல்லை.

பதில்: கணினியை அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடுங்கள், ஆபீஸ் கணினி என்றால் சர்வரிலும். எங்கேயும் கிடைக்கவில்லையென்றால் அந்த டிஸ்கில் இருப்பது போனதுதான். கிடைத்தால் அச்சடித்துப் பீரோவில் வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் அல்ல.