புதர் பக்கத்து மனையில், நோட்டீஸ் என் பெயரில்

கேள்வி: கலிபோர்னியாவில் மலையடிவாரத்தில் வசிக்கிறேன். வீட்டுச் சுவரிலிருந்து 40 அடியில் என் எல்லை முடிந்துவிடுகிறது; அதை ஒட்டிய காலி மனை முழுவதும் காய்ந்த புதர். 100 அடிக்குச் சுத்தம் செய்யும்படி தீயணைப்புத் துறை எனக்கு நோட்டீஸ் அனுப்பியுள்ளது. அடுத்தவர் மனையையும் நானே வெட்ட வேண்டுமா? அடுத்த ஆண்டு வீட்டை விற்கவும் எண்ணம்.

பதில்: பொதுவாக, வேண்டியதில்லை. மாநிலத்தின் பொது வளச் சட்டம் 4291-ஆம் பிரிவு கட்டடத்தைச் சுற்றி 100 அடி தற்காப்பு வெளி, அதாவது தீ எளிதில் நெருங்காதபடி புதரும் சருகும் நீக்கிய இடம், கேட்கிறது என்றாலும், அந்தக் கடமை உங்கள் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது; அதற்கு அப்பால் வெட்ட உள்ளூர் விதி வற்புறுத்தினாலும், பக்கத்து உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் கிடைத்த பிறகே கை வைக்கலாம். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். சம்மதமின்றிப் பிறர் மரத்தை வெட்டியவர், ஏற்பட்ட நட்டத்தைப் போல இரண்டு மடங்கும், வேண்டுமென்றே செய்திருந்தால் மூன்று மடங்கு வரையிலும் ஈடு கட்ட நேரிடும்.

4291-ஆம் பிரிவு கட்டடத்தை வைத்தே பேசுவதால், வீடே இல்லாத மனையின் உரிமையாளரை அதைக் காட்டி மட்டும் பிடிக்க முடியாது. காலி மனைகளின் புதரை அகற்றுவதற்கெனப் பல கவுண்டிகளும் நகரங்களும் தனி விதி வைத்துள்ளன. உரிமையாளர் அசையாவிட்டால் நிர்வாகமே வெட்டிவிட்டு, செலவை அந்த மனையின் மீது ஏற்றலாம். ஆகவே முதலில் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம், பிறகு அதன் நகலுடன் உள்ளூர்த் தீயணைப்பு அலுவலகத்தில் புகார், இரண்டிலும் தேதியிட்ட படங்கள் என்று செல்லுங்கள். நாளை அங்கிருந்து தீ பரவினால், அவருக்கு ஆபத்து முன்பே தெரியும் என்பதற்கு அக்கடிதமே சான்று.

இனி உங்கள் 40 அடி. நீங்கள் அனுப்பிய படத்தில் மரவேலி நேராக வீட்டுச் சுவரில் வந்து முட்டுகிறது, அதன் அடியில் கணுக்கால் உயரத்துக்குச் சருகு; கூரையோரத்திலும் ஊசியிலைகள். புதரைவிட எனக்குக் கவலை தருவது இதுதான், ஏனெனில் வீடுகள் பெரும்பாலும் பறந்து வரும் கங்குகளால்தான் பற்றுகின்றன. கூரைச் சருகை அகற்றுவதும், புகைபோக்கி வாயிலிருந்து 10 அடிக்குள் நீளும் கிளைகளை வெட்டுவதும் சட்டப்படி உங்கள் கடமை. சுவரை ஒட்டிய முதல் 5 அடியில் எரியக்கூடியது எதுவும் வேண்டாம். வேலியின் கடைசித் துண்டை உலோகத்தில் மாற்றிவிடுங்கள்.

விற்பனையைப் பொறுத்தவரை, உங்கள் பகுதி உயர் அல்லது மிக உயர் தீ அபாய மண்டலமாக இருந்தால், தற்காப்பு வெளி விதிக்கு உட்பட்டிருப்பதற்கான சான்றை வாங்குபவரிடம் தர வேண்டும். கிடைக்காத நிலையில், விற்பனை முடிந்த ஓராண்டுக்குள் அவரே அதைப் பெறுவதாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் வேலையை முடித்து மறு ஆய்வு கேளுங்கள், அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.