வீட்டிலேயே ரயர் மாற்றலாமா? பாவனையாளர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய ஸ்பிளெண்டர் மோட்டார் சைக்கிள், கம்பிச் சில்லு. பின் ரயர் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் புதிய ரயர் வாங்கி நானே வீட்டில் மாற்ற நினைக்கிறேன். கூலி மிச்சம்தானே? ரயரைக் கிளப்பும் லீவர் வாங்கத்தான் வேண்டுமா? அப்பா பெரிய ஸ்குறூ டிறைவரே போதும் என்கிறார். (கோண்டாவில் வாசகர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. ரியூப் உள்ள ரயர், கம்பிச் சில்லு என்றால் கைக்கருவிகளே போதும். ஆனால் கூலி மிச்சம் என்பதை முதலில் மறந்துவிடுங்கள். சில்லைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒட்டுப்போடும் கடையில் ரயர் மாற்ற வாங்கும் கூலி, ரயரின் விலையோடு பார்க்கையில் சிறிய தொகைதான். ஒருமுறை மாற்றுவதற்காக மட்டும் லீவர் வாங்கினால் நட்டம். அடுத்த பத்து வருடத்துக்கும் இந்த வேலையை நானே பார்ப்பேன் என்றால் வாங்குங்கள். நயினாதீவுக்குப் போக வெளிக்கிட்டு, வேலணை தாண்டிக் குறிகட்டுவான் போகும் வழியில் காற்றுப் போனால் கடை தேடித் தள்ள வேண்டியதில்லை. அங்கேதான் இந்தப் பழக்கத்தின் உண்மையான லாபம் இருக்கிறது.

அப்பா சொல்வதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை அது. கையில் கிடைத்ததை வைத்து வேலை பார்த்தார்கள். இன்று நல்ல லீவர் கடையில் கிடைக்கிறது. ஸ்குறூ டிறைவரின் கூர் விளிம்பு ரியூப்பைக் கடிக்கும், றிம்மிலும் கீறல் போடும். கரண்டி போல நுனி வளைந்த, விளிம்பு மழுங்கிய லீவர், ஓர் அடிக்குக் கிட்டிய நீளத்தில், மூன்று வாங்குங்கள். இரண்டு லீவர் தூக்கிய விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்க மூன்றாவது அடுத்த இடத்தைத் தூக்கும். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முழங்காலையும் ஊன்றிப் பல்லையும் கடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லீவரோடு வால்வு ஊசி கழற்றும் சாவி, காற்றளவு பார்க்கும் கருவி, கால் பம், சவர்க்காரத் தண்ணீர், முகப்பவுடர் இவ்வளவும் வேண்டும். சவர்க்காரத்துக்குப் பதிலாக எஞ்சின் ஒயில், கிறீஸ் எதையும் பூசாதீர்கள். பெற்றோலிய எண்ணெய் றப்பரைக் கெடுக்கும். புது ரயர் போடும்போது ரியூப்பையும் புதிதாகவே வாங்குங்கள். பழையது நீண்டு இழுபட்டிருக்கும், உள்ளே மடிந்து அந்த மடிப்பிலேயே வெடிக்கும். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ரயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களைக் கடைக்குப் போகுமுன் எழுதிக்கொள்ளுங்கள். 2.75-18 என்றால் அகலம் 2.75 அங்குலம், றிம்மின் விட்டம் 18 அங்குலம். பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று அகலமானதை வாங்கினால் செயினிலோ மட்கார்டிலோ உரசலாம், வளைவில் வண்டி திரும்புவதும் மாறும். கம்பனி என்ன அளவு போட்டதோ அதுவே போதும்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, சில்லைக் கழற்றுமுன் கைபேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அச்சில் உள்ள வளையங்கள் எந்தப் பக்கம், எந்த ஒழுங்கில் இருந்தன என்பது திரும்பப் பூட்டும்போதுதான் மறக்கும். பிறேக் கம்பியின் நட்டையும் பிறேக் தகட்டைப் பிடித்திருக்கும் கையையும் கழற்றிய பிறகு அச்சை உருவுங்கள். வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். றிம்மோடு ஒட்டிக்கிடக்கும் ரயர் விளிம்பு காலால் மிதித்தால் பெரும்பாலும் விடும். பல வருடம் கிடந்து இறுகியிருந்தால், சில்லை நிலத்தில் வைத்து இன்னொரு மோட்டார் சைக்கிளின் பக்க ஸ்ராண்டை றிம்முக்கு அருகே ரயரின் மேல் ஊன்றி, அந்த வண்டியை மெல்லச் சாய்த்தால் கழன்றுவிடும். தீவுப்பகுதி வண்டிகளில் உப்புக் காற்றால் றிம் துருப்பிடித்து இந்தக் கட்டத்தில்தான் நேரம் போகும்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். ரயரின் விளிம்புக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது. அது நீளாது. எவ்வளவு பலம் போட்டாலும் நீளாது. றிம்மின் நடுவில் வட்டமாகப் பள்ளம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்து விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டால், எதிர்ப்பக்கம் றிம்மைத் தாண்டி வரும் அளவுக்குத் தளர்வு கிடைக்கும். ரயர் மாற்றுவதில் உள்ள முழு இரகசியமும் இதுதான். வால்வின் பக்கத்தில் லீவரைப் போடுங்கள். வால்வுக்கு நேர் எதிரே முழங்கால் இரண்டையும் ஊன்றி விளிம்பைப் பள்ளத்துக்குள் அமுக்குங்கள். சிறிது சிறிதாகத் தூக்குங்கள். லீவர் வளைகிற அளவுக்குப் பலம் தேவைப்பட்டால் எதிர்ப்பக்கம் பள்ளத்தை விட்டு ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தித் திரும்ப அமுக்க வேண்டும். பலம் போடுபவர்தான் றிம்மை நெளிப்பார், விளிம்புக் கம்பியை அறுப்பார்.

பழையது வந்த பிறகு றிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். சில்லுக் கம்பிகளின் முனைகளை மூடியிருக்கும் றப்பர்ப் பட்டி கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். துருவை உரஞ்சித் துடையுங்கள். புது ரயரை நம் ஊர் வெயிலில் அரைமணி நேரம் போட்டெடுத்தால் மெதுமையாகிவிடும். பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது சில்லு முன்னோக்கிச் சுழலும் திசை. மஞ்சள் புள்ளி இருந்தால் வால்வுக்கு நேரே வரட்டும்.

ஒரு பக்க விளிம்பை ஏற்றிய பிறகு, ரியூப்புக்குப் பவுடர் தடவி, உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். இரண்டாவது பக்கத்தை வால்வுக்கு எதிரில் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது என்பதால்தான் இந்த ஒழுங்கு. கடைசிச் சாண் அளவுதான் ரியூப் கடிபடும் இடம். அங்கே சவர்க்காரத் தண்ணீர் தாராளமாக, லீவர் கொஞ்சமாக. முடிந்ததும் வால்வை உள்நோக்கி ஒருமுறை அமுக்கி விடுங்கள். ரயருக்கும் றிம்முக்கும் இடையில் ரியூப் சிக்கியிருந்தால் விடுபடும்.

காற்றடிக்கும்போது றிம்மை ஒட்டி ரயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிவரச் சம இடைவெளியில் தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் காற்றை இறக்கி, சவர்க்காரம் பூசித் திரும்ப அடியுங்கள். ரயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். பிறகு வண்டியோடு வந்த கைநூலில் உள்ள அளவுக்குக் குறையுங்கள். வால்வின் சிறிய நட்டை றிம்மோடு இறுக்கிவிடுவது நம் ஊரில் வழமை. அது கூடாது. ரியூப் உள்ளே சற்று நகர்ந்தால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். நட்டை மேலே மூடியோடு சேர்த்து விடுங்கள்.

சில்லைப் பூட்டியபின் செயினின் இரண்டு பக்கக் குறிகளும் ஒரே அளவில் நிற்கின்றனவா, செயின் ஓர் அங்குலம் அளவு ஆடுகிறதா, பிறேக் மிதித்ததும் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டே கேற்றைத் தாண்டுங்கள். நட்டுக் கழலாமல் பிடிக்கும் பிளவு ஊசியைக் கழற்றியிருந்தால் அதற்குப் பதில் புதிது போடுங்கள். புது ரயரின் மேற்பரப்பு முதலில் வழுக்கும். நூறு கிலோமீற்றர் வரையாவது வளைவில் சரிக்க வேண்டாம்.

கேள்வி: முன் ரயர் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பக்கத்தில் 1921 என்று இருக்கிறது. பழைய ரயரா? கடைக்காரர் "ரயருக்கு ஏது காலாவதி" என்று திருப்பி எடுக்க மறுக்கிறார். (சாவகச்சேரி வாசகர்)

பதில்: அது 2021ஆம் ஆண்டின் 19ஆம் கிழமையில் செய்யப்பட்ட ரயர். முதல் இரண்டு இலக்கமும் கிழமை, அடுத்த இரண்டும் ஆண்டு. பாண் பக்கற்றில் போலக் காலாவதித் திகதி ரயரில் இல்லை, அந்த அளவில் கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் றப்பருக்கு வயது உண்டு. ஐந்து வருடம் பாவித்த ரயரை ஆண்டுதோறும் பரிசோதியுங்கள், பத்து வருடமானால் தேயாவிட்டாலும் மாற்றுங்கள் என்பது ரயர் கம்பனிகள் வழமையாகச் சொல்லும் அறிவுரை.

நம் ஊரில் நான் அதைவிடப் பயப்படுவது கடை வாசலில் வெயிலில் தொங்கும் ரயருக்கு. இருட்டறையில் கிடந்த மூன்று வருட ரயரைவிட வெயிலில் தொங்கிய ஒரு வருட ரயர் மோசமாக இருக்கலாம். உங்கள் ரயரைக் கையால் மடக்கி, பூக்களின் (றோட்டில் படும் மேடுகளின்) அடியையும் பக்கச் சுவரையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் போடவே வேண்டாம்.

பூட்டாத ரயர் என்பதால் உங்கள் பக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. பூட்டி ஓட்டிவிட்டால் பேச்சு மாறிவிடும். பற்றுச்சீட்டோடு போய் மாற்றித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். பற்றுச்சீட்டு வாங்கவில்லையென்றால் இப்போதாவது கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. வெடிப்புள்ள ரயரைப் புதிதென்று விற்றிருந்து, மாற்றித் தரவும் மறுத்தால் அந்த அதிகார சபையில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. எண் தெரியும்படி ரயரைப் படம் எடுத்து வைத்திருங்கள்.

கேள்வி: என் டியோ ஸ்கூட்டருக்கு ரியூப் இல்லாத ரயர். இதையும் வீட்டில் மாற்றலாமா? காற்று இறங்குகிறது, உள்ளே ரியூப் போடச் சொல்கிறார்கள். (மானிப்பாய் வாசகி)

பதில்: மாற்ற வேண்டாம் தங்கச்சி. சிறிய சில்லின் ரயர் விறைப்பானது, விளிம்பு றிம்மில் அமரக் கால் பம்மின் காற்று போதாது, விளிம்பில் லீவர் கீறினால் அந்தக் கீறல் வழியே காற்றுக் கசியும். இயந்திரம் உள்ள கடைக்குக் கொடுங்கள். ரியூப் போடுமுன் காற்று எங்கே போகிறதென்று பாருங்கள். சவர்க்காரத் தண்ணீரை ரயரிலும் வால்வடியிலும் றிம் விளிம்பிலும் ஊற்றினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வு என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். றோட்டில் படும் பகுதியில் ஆணி ஏறிய ஓட்டை என்றால் அடைக்கலாம். பக்கச் சுவரில் என்றால் அடைப்பும் வேண்டாம், ரியூப்பும் வேண்டாம், ரயரையே மாற்றுங்கள்.